பாக்குத்தோப்புச் சுவர்

கோமளம் அந்த வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்ததும் எழுந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான் காரியம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அருணகிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தார், அவளும் மறைந்தாள், அவர் எழுந்திருக்கவில்லை. இது எத்தனையாவது சுற்று என்று அவர் எண்ணவில்லை, எண்ணினால் எத்தனை தடவை எழுந்திருக்காமல் இருந்தோம் என்பதும் கூடவே கணக்கில் வந்துவிடும். தாழ்வாரம் போன்ற அந்த நடை வட்டமானது. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு புங்கமரம், அதைச் சுற்றி எங்கும் முட்டாமல் எங்கும் முடியாமல் ஓடுகிற நடை. மறதி நோய் வந்தவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், எங்கேயோ போயாக வேண்டும் என்கிற அவசரம் அவர்களை விடாது, நடை ஒரு சுவரில் போய் முடிந்தால் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று திகைத்து அழுவார்கள், ஆகவே முடியாத நடை வேண்டும் என்று சொன்னவர் அவர்தான், வரைந்தவரும் அவர்தான். தொண்டாமுத்தூர்ச் சாலையில் இந்த இல்லம் எழும்பி ஏழெட்டு வருஷம் ஆகிறது. கட்டடத்துக்கு முதல் அளவு செங்கல் இல்லை, அதற்குள் இருக்கப்போகிற மனுசனின் பயம் என்று மேடைக்கு மேடை பேசி, போர்த்திய சால்வைகளை வீட்டு அலமாரியில் அடுக்கியவர், இன்றைக்குத் தன் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பை அறைக்குள் போய்விட்டது, டாக்டர் பார்த்தாகிவிட்டது, கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது, மிச்சம் இருப்பது அவர் கிளம்புவது மட்டும்தான். அதற்கும் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா வழி சொல்லிவிட்டார்: அம்மா அந்தப் பக்கம் திரும்பும்போது சத்தமில்லாமல் போய்விடுங்கள், சொல்லிக்கொண்டு மட்டும் போகாதீர்கள், சொன்னால் நானும் வருவேன் என்று நிற்பார்கள், அப்புறம் விடிகிற வரைக்கும் அழுகைதான். அருணகிரிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போய் யாரிடம் முறையிடுவது, பிரிவு கண்ணில் படக் கூடாது என்று வரைபடத்தோடு எழுதிக்கொடுத்த குறிப்பில் அழகாக ஒரு வரி போட்டதும் அவர்தானே. வயதானவர்கள் சுலபமாக எழுந்திருக்கட்டும் என்று உயரம் பார்த்து, கைப்பிடி வைத்துச் செய்யச் சொன்ன பெஞ்சில், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வருகிறாள். இந்தப் பக்கத்து வளைவிலிருந்து, இடது கை சுவரைத் தொட்டபடி, வலது கையில் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளின் நடை. வழுக்குமோ என்ற சந்தேகமே இல்லாமல் பாதம் பதிகிறது. பளபளக்கிற தரை அவர்களுக்குத் தண்ணீர் மாதிரி தெரியும், கால் வைக்க அஞ்சுவார்கள் என்று படித்துவிட்டு மினுங்காத காவித் தரை போடவைத்தார், மேஸ்திரி பாலிஷ் போடாத தரையைப் பார்த்து வேலை பாதியில் நிற்கிறது என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். வாசல்படிக்கு முன்னால் கறுப்பு மிதியடி போடக் கூடாது, அது குழி மாதிரி தெரியும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. அவள் கை இப்போது பாக்கு மரங்களின் மேல் போகிறது, சுவர் முழுக்கப் பாக்குத்தோப்பு வரைந்திருக்கிறது, நெட்டுக்குத்தாக மரம் மரமாக, இடையிடையே வெயில் விழுந்த பச்சை, அந்த மரங்களில் ஒன்றின் ஓரம்தான் கதவின் ஓரம். வெளியே போகிற கதவு. கைப்பிடி கிடையாது, நிலை தெரியாது, தச்சனை மூன்று தடவை பிரித்துப் பூட்டவைத்து இடுக்கைக் காகிதம் நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தார். கதவு கண்ணில் பட்டால் வெளியே போக வேண்டும் என்று தோன்றும், பூட்டியிருந்தால் உடைந்துபோவார்கள், கண்ணிலேயே படாத கதவு யாரையும் நோகடிக்காது. கல்லூரிகளில் இதைப் படமாகப் போட்டு, இதில் கதவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்பார், பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவார்கள், ஒருவருக்கும் அகப்படாது, அடுத்த படத்தில் அதே மரம் திறந்து வெளியே கார் நிற்கும், கூடம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். சிரித்தார்களே. எதற்குச் சிரித்தார்கள், அப்போது நாமும் சிரித்தோமே, கிழவிகளுக்குத் தெரியாமல் கதவை மறைத்துவைத்ததில் சிரிக்க என்ன இருந்தது. அவள் விரல் அந்த இடத்தைத் தாண்டுகிறது. தட்டவில்லை. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது, விரலுக்குக்கூடத் தெரியவில்லை. பாழாய்ப்போன தச்சன்.

அவரைப் பார்த்து நின்றாள். முகத்தில் அந்தப் புன்னகை வந்தது, அறிமுகமில்லாத பெரிய மனுசர்களுக்கென்று அவள் வைத்திருக்கிற புன்னகை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு அது கிடைத்ததே இல்லை, இந்த ஒரு வருஷமாகத்தான் கிடைக்கிறது. "போய்ட்டு வர்றனுங்க" என்றாள். சரிங்க என்றார். அம்மா தேடுவாங்க என்றாள், அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாகிறது. நல்லதுங்க, பார்த்துப் போங்க என்றார், நடந்துவிட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் இதுதான், சொல்லிக்கொண்டு போகாதே என்று அவருக்கு விதி, அவளோ சுற்றுக்குச் சுற்று அவரிடம் சொல்லிக்கொண்டு போகிறாள். அவர்கள் வீட்டில் சொல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. ஒருநாள் அவசரத்தில் சொல்லாமல் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போனவரை மகள் அபிராமியை விட்டுக் கூப்பிட்டு, உள்ளே வரவழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொல்லவைத்துத்தான் அனுப்பினாள், அன்றைக்கு ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போய் அந்த வேலையே கைவிட்டுப் போனது, அதற்கு அவளைத் திட்டித் தீர்த்ததும் ஞாபகம் வருகிறது, ஞாபகம் வராமல் போக வேண்டியதெல்லாம் அவருக்கு நன்றாக வருகிறது. போறேன் என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் கிடையாது. போய்விட்டு வருகிறேன், அல்லது வரட்டுமா. திரும்பி வருவதைச் சொல்லாமல் போவது சாவுவீட்டிலிருந்து மட்டும்தான், அங்கேதான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். அப்படியானால் இது என்ன வீடு. இந்தச் சிந்தனை சுருக்கென்று குத்தியது, உடனே வேறு எதையாவது நினைக்க வேண்டும் போலிருந்தது, முற்றத்துப் புங்கமரத்தைப் பார்த்தார், மரத்துக்குக் கீழே ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சாவுவீடு. சீ, என்ன நினைப்பு.

இந்த இல்லத்துக்கு அட்டையில் செய்த மாதிரிக் கட்டடம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாசம் இருந்தது, சாப்பிட இடம் இல்லை என்று முனகியவள் ஒருநாள் குனிந்து அதன் நடையில் இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்து நடக்கவிட்டாள், சுற்றிச் சுற்றி, இது யாருக்குங்க என்று கேட்டாள், ஞாபகம் போனவர்களுக்கு என்றதும் பாவம் என்றாள். அப்போதே தொடங்கியிருக்குமோ. அந்த வருஷம்தான் அதே பலகாரத்தை இரண்டு முறை செய்து வைத்தாள், சாம்பாரில் சர்க்கரை விழுந்தது, எதிர்வீட்டுக்காரம்மாளின் பெயர் வாயில் வராமல் அவங்க அவங்க என்று தடுமாறினாள், அவர் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மறதி நோயின் முதல் அடையாளங்கள் என்று தடித்தடியாகப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார், சாம்பார் ஏன் இப்படி இருக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டுப் படித்தார். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அடுத்த கல்லூரியில் சொல்ல வேண்டும், கைதட்டுவார்கள். பிறகு எல்லாம் வேகமாக வந்தது. விடிகாலையில் எழுந்து வெளியே போய்விடுவாள், ஒருதடவை உக்கடம் பஸ்நிலையத்தில் யாரோ ஒரு பூக்காரி பிடித்து உட்காரவைத்திருந்தாள், வீட்டுக்கதவுக்கு உள்பக்கம் பூட்டு வந்தது, கதவு கண்ணில் படக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வீட்டுத் தேக்குக் கதவில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டார். போன மாசம் ஒரு மத்தியானம், ஒரு வரைபடத்தை அன்றைக்கே முடித்து அனுப்ப வேண்டியிருந்தது, அவளைப் படுக்கையறையில் விட்டு வெளியே தாழ் போட்டார். ஒரு மணி நேரம் என்று நினைத்தார். முதலில் மரியாதையாகத்தான் கேட்டாள், ஏனுங்க, சித்தே திறங்க, நேரமாச்சுங்க, பக்கத்துவீட்டுக்காரரிடம் கேட்பதுபோல. பிறகு கையால் அடித்தாள். அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் வருகிற ஜன்னல்கள், கோடு நேராகத்தான் போனது, அதுதான் இன்றுவரைக்கும் அவருக்கு ஆறவில்லை, கை நடுங்கியிருந்தால்கூடத் தேவலை. பிறகு சத்தம் நின்றது, நின்ற சத்தம்தான் அவரை எழுப்பியது. கதவைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்து, உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள், மணிக்கட்டில் ரத்தம், நிமிர்ந்து பார்த்து, மன்னிச்சுக்குங்க, உங்க வீட்டுல ஒடச்சுப்போட்டேன் என்றாள். அன்றைக்கு ராத்திரி அபிராமியிடம் போனில் பேசினார். புனேயில் இருந்து அவள், அப்பா, நீங்க கட்டுன இடந்தானே, அதைவிட நல்ல இடம் எங்க இருக்கு என்றாள். உண்மைதான். பூட்டிய கதவிலிருந்து, பூட்டியது தெரியாத கதவுக்கு. எவ்வளவு முன்னேற்றம்.

அவளுடைய அறை வாசலில் சின்னக் கண்ணாடிப் பெட்டி பதித்திருக்கிறது, எல்லா அறைக்கும் உண்டு, உள்ளே பழைய போட்டோ ஒன்றை வைத்தால் அறை தன்னுடையது என்று அவர்களுக்குப் பிடிபடும், அதுவும் அவருடைய யோசனை. வால்பாறையில் எடுத்தது ஒன்று கொண்டுவந்திருந்தார், இரண்டு பேரும் நிற்கிற படம், அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு இந்தம்மா எங்க அக்கா சாடைங்க என்றாள், பக்கத்தில் இருப்பது யாரென்று அவர் கேட்கவில்லை, கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்காததே நல்லது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். வீடு. இன்றைக்கு ராத்திரி வீட்டில் பூட்டு வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம், இடையில் எழுந்து பக்கத்துப் படுக்கையைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை, குழாய் மூடியிருக்கிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா, ஒன்றும் வேண்டாம், விடிகிறவரைக்கும் ஒரே தூக்கம், அந்தத் தூக்கம் நினைத்த மாத்திரத்தில் உடம்பில் இறங்கி முதுகெல்லாம் இளகியது. வெட்கமாக இருந்தது. தாகத்தில் தண்ணீர்ப் பானையைப் பார்த்தவன் மாதிரி தூக்கத்தை நினைத்து நாக்கு ஊறுகிறது, அவள் இந்தச் சுற்றைக்கூட இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் அவளில்லாத படுக்கையில் கையையும் காலையும் நீட்டிப் படுத்தாயிற்று. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது, எப்போதும் சேர்ந்தேதான் வருகிறது. போன வாரம் ஜன்னலுக்கு மேல் போடுகிற அந்தக் குறுக்குக் கட்டைக்கு வார்த்தை வரவில்லை. நாற்பது வருஷம் ஆயிரம் தடவை வரைந்த சாமான், மேஸ்திரிக்கு முன்னால் கையை நீட்டிக் காற்றில் காட்டிவிட்டு, அதாம்ப்பா, அது என்றார். அன்றைக்கு மாலை குளிக்கும்போது லிண்டல் என்று தானாக வந்து விழுந்தது, துண்டோடு நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிப் பார்த்தார், லிண்டல். இருக்கிறது. நாளைக்கு இருக்குமா. தனக்கும் வந்து இங்கேயே கொண்டுவந்து விட்டால் இந்த நடையில் இரண்டு பேரும் சுற்றுவார்கள், எதிரும் புதிருமாக, சுற்றுக்கு ஒருமுறை வழியில் பார்த்து, வரட்டுங்களா, சரிங்க, பார்த்துப் போங்க. அது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. பெஞ்சில்தான் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்டெல்லா வந்து பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரமாகிவிட்டது என்றார், மணி ஆறரை என்றார், அருணகிரி நிமிர்ந்து பார்த்தார், நடை மத்தியானம் மாதிரியே வெளிச்சமாக இருந்தது. அதுவும் அவர் வேலைதான். பொழுது சாயும்போது அவர்களுக்குப் பதற்றம் கூடும், நிழல் நீண்டால் ஆள் நிற்பதுபோல் தெரியும், அதனால் இருட்டுவதற்கு முன்னாலேயே விளக்குகள் மெல்ல மெல்லத் தாமாகவே ஏறிக்கொள்ளும், அந்தி வந்ததே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. "இப்ப விட்டா கஷ்டம் சார். நீங்க இருக்க இருக்க அவங்களும் உக்கார மாட்டாங்க, நடந்துகிட்டேதான் இருப்பாங்க. கால் வீங்கிடும்" என்றார் ஸ்டெல்லா, கடுமையாக இல்லை, எத்தனையோ பேரை இந்த பெஞ்சிலிருந்து எழுப்பி அனுப்பிய குரலில். கோமளம் எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள், புங்கமரத்தின் கிளைகளுக்கு நடுவே அந்த மாம்பழ நிறப் புடவை தெரிந்து மறைந்து தெரிந்தது. அவர் எழுந்தார். கைப்பிடி உண்மையிலேயே வசதியாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டார், ஸ்டெல்லா கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்துப் பாக்கு மரம் ஒன்றின் தூரில் வைத்தார், உள்ளே எதுவோ விடுபடுகிற மெல்லிய சத்தம், மரம் ஓரமாக ஒரு கோடு விழுந்து அகலமாகி அகலமாகித் தோப்பு திறந்துகொண்டது.

திறந்த இடத்தின் வழியாக அந்தி உள்ளே வந்தது. மேற்கே மலை கறுத்து, அதற்குப் பின்னால் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது, பாலக்காட்டுக் காற்று ஈரமாக முகத்தில் அடித்தது, எங்கோ மாட்டுமணி, சாலையில் விளக்கு போட்டுக்கொண்டு ஒரு பஸ். அருணகிரி ஒரு காலை வெளியே வைத்துவிட்டார், வைத்துவிட்டுத் திரும்பினார், திரும்பியிருக்கக் கூடாது, அவள் நடையை எட்டிப் போட்டிருக்கிறாள், வளைவு திரும்பி வந்துவிட்டாள், சுவரைத் தடவி வந்த கை பாக்கு மரம் முடிகிற இடத்தில் ஒன்றுமில்லாததில் போய் நின்றது. நின்றுவிட்டாள். ஸ்டெல்லா சட்டென்று குறுக்கே வந்து, அம்மா, வாங்க, காபி குடிக்கலாம் என்று தோளைத் தொட்டார், அவள் அதைக் காதில் வாங்கவில்லை, வெளியே பார்த்தாள், மலையை, சிவப்பை, பஸ்ஸை. ஓடி வரப்போகிறாள். வரட்டும், வந்துவிடட்டும், தூக்கம் போனால் போகட்டும், பூட்டையும் கழற்றி எறிந்துவிடலாம், ராத்திரியெல்லாம் அவள் பின்னாலேயே நடக்கலாம், உக்கடம் வரைக்கும் நடக்கலாம், எவ்வளவு தூரம்தான் போவாள் பார்த்துவிடலாம், இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை. கையை நீட்டினார். "கோமளா, வர்றியா, நம்மூட்டுக்குப் போலாம்" என்றார். விதியும் குறிப்பும் போயிற்று, ஸ்டெல்லா முகம் சுளித்தது கண்ணோரத்தில் தெரிந்தது, தெரியட்டும்.

அவள் அவரைப் பார்த்தாள். புன்னகை வந்தது, ஆனால் இது விருந்தாளி கிளம்பும்போது வருகிற புன்னகை. "நான் எங்கீங்க வர்றது, பொழுது போயிருச்சு. அவரு வர்ற நேரமுங்க" என்றாள். "நான் இல்லீன்னா வூட்டுக்குள்ளயே வரமாட்டாரு, வாசல்லயே நின்னுக்குவாரு." நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவரு வந்துட்டாரும்மா என்று சொல்ல வாயெடுத்தார், நான்தான் என்று சொல்ல வேண்டும், ஒரே வார்த்தைதான், அது அகப்படவில்லை, லிண்டலைத் தேடியதுபோல எங்கெங்கோ தேடினார். பஸ் போயிருமுங்க, நீங்க புறப்படுங்க என்றாள் அவள், ஓர் அடி முன்னால் வந்தாள், அவர் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து இரண்டாவது காலையும் வெளியே வைத்தார். "போய்ட்டு வாங்க. நான் கதவச் சாத்திக்கறேன்" என்றாள், சொல்லிக்கொண்டே கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள், விருந்தாளி முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிடக் கூடாதே என்று மெதுவாக, அவர் படி இறங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, சாத்தினாள். சத்தமே இல்லை. வெளிப்பக்கத்தில் அது சாதாரணக் கதவுதான், பழுப்பு வர்ணம், பித்தளைக் கைப்பிடி, பக்கத்தில் அழைப்பு மணி. உள்ளே அவள் அதை ஒருமுறை தள்ளி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது கதவின் அசைவில் அவருக்குத் தெரிந்தது, பிறகு விரல்கள் சுவரைத் தடவிக்கொண்டு நகர்ந்து போகிற சத்தம். அருணகிரி வாசலிலேயே நின்றார்.